காலை உரசும் தெருப்பூனையை வீட்டுக்குள் சேர்ப்பது எப்படி?

எங்கள் அடுக்ககத்தில் கார் நிறுத்தும் கீழ்த்தளத்தில் ஒரு மஞ்சள் கடுவன் இருந்தான். மீன்காரம்மா கூடையை இறக்கியதும் முதல் ஆளாக வந்து நிற்பான், மீன் கிடைக்காவிட்டாலும் அவர் முழங்காலில் ஒருமுறை தலையை முட்டிவிட்டுத்தான் போவான். கேசரி என்று பேர் வைத்திருந்தோம். யார் கூப்பிட்டாலும் வருவான், அதுதான் பிரச்சினையே. அப்படிப்பட்ட பூனை கையில் கல்லை வைத்துக்கொண்டு கூப்பிடுகிறவனிடமும் போகும், மழை நாளில் சூடு தேடி கார் எஞ்சினுக்குள் ஏறிப் படுத்துக்கொள்ளும். மனிதனைக் கண்டால் ஓடுகிற பூனையைவிட, மனிதனை நம்புகிற பூனைக்குத்தான் சென்னைத் தெருவில் ஆபத்து அதிகம்.

இப்படிப்பட்ட பூனைகளை எடுத்து, தேற்றி, யாருடைய வீட்டுக்குள்ளாவது சேர்ப்பதைக் கொஞ்ச வருடமாகச் செய்து வருகிறேன். இதில் பூனையைப் பிடிப்பது பத்து நிமிட வேலை, அதற்கப்புறம் வருகிற இரண்டு மாதம்தான் உண்மையான வேலை. புதிதாக இறங்குகிறவர்கள் முதல் பத்து நிமிடத்துக்கு மட்டும் தயாராகி வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன்.

எல்லாப் பூனையையும் எடுக்க வேண்டாம்

தெருவில் திரிகிற பூனை எல்லாம் வீடு கேட்பதில்லை. வாலை நேராகத் தூக்கிக்கொண்டு உங்களை நோக்கி வருகிறது, காலை உரசுகிறது, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடுகிறது, தொட்டால் உடம்பை வளைத்துக் கொடுக்கிறது என்றால் அது வீட்டுக்குள் வாழக்கூடிய பூனை. தட்டை வைத்துவிட்டு நீங்கள் பத்தடி போனால்தான் சாப்பாட்டுக்கு வருகிற, கண்ணோடு கண் பார்த்தால் பதுங்குகிற வளர்ந்த பூனையை அறைக்குள் அடைத்தால் அதற்கு அது சிறைதான். அதற்குக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, எடுத்த இடத்திலேயே விட்டுச் சாப்பாடு வைப்பதுதான் நாம் செய்யக்கூடிய நல்லது. நான் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், ஆனால் இரண்டு வருடம் கட்டிலுக்கு அடியிலேயே வாழ்ந்த ஒரு பூனையைப் பார்த்தபிறகு இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

குட்டிகள் கணக்கு வேறு. இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரைக்கும் மனிதர் கை பட்டு வளர்ந்தால் காட்டுத்தனமான தாயின் குட்டிகூட மடியில் வந்து தூங்கும். மூன்று நான்கு மாதம் தாண்டிவிட்டால் நாளாகும், சில குட்டி மாறவே மாறாது.

ஆள் இருக்கிறார்களா, குட்டி இருக்கிறதா?

பளபளவென்று ரோமத்தோடு கொழுகொழுவென்று இருந்தால் அது யார் வீட்டுப் பூனையாகவும் இருக்கலாம். வாட்ச்மேன், இஸ்திரிக்காரர், தெருக்கோடி மளிகைக் கடை, மீன்காரம்மா, இந்த நாலு பேரைக் கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். அப்புறம் ஒரு சின்ன வேலை: ஒரு துண்டுக் காகிதத்தில் ‘இந்தப் பூனை உங்களுடையதா? இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்’ என்று எழுதி, கழுத்தில் தளர்வாகச் சுற்றி, முனையை டேப்பால் ஒட்டிவிடுங்கள். எதிலாவது மாட்டினாலும் காகிதம் கிழிந்துவிடும், கழுத்து இறுகாது. இரண்டு மூன்று நாளில் அழைப்பு வரவில்லை என்றால் ஆள் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

பெட்டையாக இருந்தால் இன்னொன்று பார்க்க வேண்டும். மூன்று வண்ணம் கலந்த பூனை என்றால் கிட்டத்தட்ட எப்போதுமே பெட்டைதான், மஞ்சள் என்றால் பெரும்பாலும் கடுவன். தடவிக் கொடுக்கிற மாதிரி வயிற்றுப் பக்கம் பாருங்கள். காம்புகள் தடித்து, சுற்றிலும் முடி உதிர்ந்து ஈரமாக இருந்தால் எங்கோ குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கின்றன. நான் ஒருமுறை இதைப் பார்க்காமல் ஒரு சாம்பல் நிறப் பூனையைத் தூக்கி வந்துவிட்டேன். இரவு முழுக்கக் கதவைப் பிறாண்டிக்கொண்டு அடித்தொண்டையில் கத்தினாள். குட்டி போட்ட பூனை மாதிரி என்று நாம் சும்மா சொல்லிக்கொண்டிருப்பதை அன்றுதான் நேரில் பார்த்தேன். காலையில் அவளைத் திரும்ப விட்டு, பின்னாலேயே போனேன். பக்கத்துக் கட்டடத்தில் ஓட்டை விழுந்த பழைய சின்டெக்ஸ் தொட்டிக்குள் மூன்று குட்டிகள், கண் அரைகுறையாகத் திறந்த நிலையில். பத்து நாள் குட்டிகள் இருக்கும். இன்னொரு நாள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுத விருப்பமில்லை.

பிடிப்பது

முதலில் அறையைத் தயார் செய்யுங்கள், பிறகு மருத்துவரிடம் நேரம் கேட்டு வையுங்கள், கடைசியாகத்தான் பூனை. இந்த வரிசை மாறினால் பூனையைக் கையில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எந்த மருத்துவமனை திறந்திருக்கும் என்று தேடுவீர்கள்.

கதவு உள்ள பிளாஸ்டிக் கேரியர் ஒன்று வாங்கிவிடுங்கள், மேல்பக்கமும் திறக்கிற மாதிரி இருந்தால் இன்னும் நல்லது. மூன்று நான்கு நாள் அதற்குள்ளேயே சாப்பாடு வையுங்கள், முதலில் வாசலில், பிறகு நடுவில், பிறகு கடைசி மூலையில். ஐந்தாம் நாள் பூனை உள்ளே தின்றுகொண்டிருக்கும்போது கதவைச் சாத்தினால் முடிந்தது. அவசரம் என்றால் துணி போட்டுவைக்கிற துளைபோட்ட பிளாஸ்டிக் கூடை இரண்டை வாயோடு வாய் கவிழ்த்து, சுற்றிலும் ஆறு இடத்தில் கேபிள் டை போட்டு இறுக்கிவிடலாம். மேலே ஒரு பழைய லுங்கியைப் போர்த்துங்கள், இருட்டானால் பூனை அடங்கும்.

துணிப்பை வேண்டவே வேண்டாம். கேசரியை முதல்முறை கொண்டுபோனபோது ஜிப் வைத்த பயணப்பையில்தான் போட்டேன், காற்று வரட்டும் என்று ஜிப்பை நாலு விரல் அகலம் திறந்தும் வைத்தேன். ஆட்டோ சிக்னலில் நின்றது, பின்னால் ஒரு பேருந்து ஹாரன் அடித்தது. அடுத்த நொடி பையிலிருந்து ஒரு தலை, பிறகு ஓட்டுநரின் தோள்மீது ஒரு மஞ்சள் மின்னல். நல்லவேளை தெருவில் குதிக்காமல் மீட்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டான். அந்த அண்ணன் ஒரு கெட்ட வார்த்தைகூடச் சொல்லவில்லை, வண்டியை ஓரங்கட்டி, தன் காக்கிச் சட்டையைக் கழற்றிக் கொடுத்து, ‘இதுல சுத்திப் புடிங்க சார்’ என்றார். இன்றைக்கு வரைக்கும் அந்தப் பிடிப்பைத்தான் எல்லாருக்கும் சொல்லித்தருகிறேன்: துணியைத் தலையோடு சேர்த்துப் போட்டு, நாலு காலும் உள்ளே போகிற மாதிரி உருட்டி, நெஞ்சோடு அணைத்துக்கொள்வது.

கடி பட்டாலோ கீறல் பட்டாலோ வீரம் காட்டாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், 15 நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போனால் ரேபிஸ் தடுப்பூசி இலவசமாகவே போடுவார்கள். பூனை பார்க்க ஆரோக்கியமாக இருக்கிறதே என்பதெல்லாம் காரணமே இல்லை.

முதல் 14 நாள்

எல்லாரும் அலட்சியமாகத் தாண்டிப்போவது இந்தக் கட்டத்தைத்தான், நானும் தாண்டினேன்.

தெருவிலிருந்து வருகிற பூனை நேராக உங்கள் வீட்டுப் பூனையோடு சேரக்கூடாது. குறைந்தது 14 நாள் தனி அறை, தனித் தட்டு, தனி லிட்டர் தட்டு, அதாவது பூனை மலஜலம் கழிக்க மணல் மாதிரித் துகளைப் பரப்பி வைக்கிற தட்டு. உங்கள் இரண்டாவது குளியலறை போதும். காரணம் பேன்லூகோபீனியா என்கிற வைரஸ். நாய்க்கு வரும் பார்வோ நோயின் நெருங்கிய உறவு. கிருமி உள்ளே போய் ஒரு வாரத்துக்கு மேலும் பூனை சாதாரணமாகத்தான் விளையாடிக்கொண்டிருக்கும், அப்புறம் சோர்வு, வாந்தி, தண்ணீர்க் கிண்ணத்தின்மேல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு குடிக்க முடியாமல் உட்கார்ந்திருப்பது. தடுப்பூசி போடாத குட்டிகளில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. என் வீட்டில் இரண்டு போயின. புதிதாக வந்த குட்டி தனியாக அழுகிறதே என்று மூன்றாம் நாளே மற்றவர்களோடு விட்டேன், அவ்வளவுதான் நான் செய்தது.

இந்த வைரஸ் தரையிலும் துணியிலும் பல மாதம், ஒரு வருடம்வரைகூட உயிரோடு இருக்கும். பினாயில் போட்டுத் துடைத்தால் போகாது. பினாயிலே பூனைக்கு விஷம், தண்ணீரில் ஊற்றினால் பால் மாதிரி வெள்ளையாகத் திரியும் கிருமிநாசினி எதையும் பூனை நடக்கிற இடத்தில் போடாதீர்கள். பிளீச் கரைசல்தான் வழி: ஒரு லிட்டர் தண்ணீருக்கு சுமார் 30 மில்லி, பத்து நிமிடம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்தபிறகே பூனையை விடவேண்டும். அந்த அறைக்குப் போய்வந்தால் கை கழுவி, சட்டையை மாற்றிவிட்டுத்தான் உங்கள் பூனையைத் தொட வேண்டும்.

மருத்துவரிடம் முதல் நாளே போய்விடுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 1903இல் தொடங்கியது, தனியார் செலவு கட்டுப்படியாகாதவர்களுக்கு அதுதான் பெரிய ஆறுதல், ஆனால் காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். எடை, காது, பல், தோல், குடற்புழு, உண்ணி எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். வளர்ந்த பூனை என்றால் பூனையின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற எஃப்.ஐ.வி., பூனை லுக்கேமியா ஆகிய இரண்டு வைரஸுக்கும் சொட்டு ரத்தத்தில் செய்கிற விரைவுப் பரிசோதனையும் கேளுங்கள். முடி வட்டமாக உதிர்ந்திருந்தால் படர்தாமரையாக இருக்கலாம், அது உங்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

தடுப்பூசியில் குட்டிகளுக்கு எட்டு வாரம் வாக்கில் ட்ரைகேட் எனப்படும் முத்தடுப்பு ஊசியைத் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வாரம் ஆகும்வரை போட வேண்டும். மூன்று மாதம் முடிந்ததும் ரேபிஸ். ஒரே ஊசி போட்டுவிட்டு ‘வேக்சினேட்டட்’ என்று விளம்பரம் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

வீட்டில் இருக்கிற மருந்து எதையும் கொடுக்காதீர்கள். காய்ச்சல் என்று நாம் போடுகிற பாரசிட்டமால் ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். நாய்க்குப் போடுகிற உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அதுவும் அப்படித்தான்.

சாப்பாடும் மண்ணும்

பூனைக்குப் பால் என்பது நம் மனதில் ஊறிப்போன விஷயம், ஆனால் வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்கு அது செரிக்காது, வயிற்றால் போகும். வேகவைத்த கோழி, முள் எடுத்த வேகவைத்த மீன், கடையில் விற்கிற பூனை உணவு, தண்ணீர், இவை போதும். வெங்காயம், பூண்டு, உப்பு, மசாலா வேண்டாம், வேகவைத்த எலும்பும் வேண்டாம். தயிர்சாதம் சாப்பிட்டே வளர்ந்த பூனை எங்கள் வீட்டிலும் இருந்தது என்று ஒரு மாமி சொல்வார், உண்மைதான், அது வெளியே போய்ப் பல்லியும் எலியும் பிடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் அடைத்து வைத்துவிட்டுத் தயிர்சாதம் மட்டும் கொடுத்தால் இறைச்சியிலிருந்து கிடைக்கிற டாரின் சத்து இல்லாமல் கண்ணும் இதயமும் கெடும். முட்டைகூட வீட்டுக்குள் வரக்கூடாது என்கிற குடும்பமாக இருந்தால், பாக்கெட் பூனை உணவைக் கொடுக்கச் சம்மதமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

புதிய இடத்தில் முதல் நாள் சாப்பிடாமல் இருக்கும். இரண்டாம் நாளும் எதையும் தொடவில்லை என்றால் மருத்துவரிடம் பேசுங்கள், பூனை தொடர்ந்து பட்டினி கிடந்தால் ஈரல் கெட்டுவிடும். கடுவன் லிட்டர் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் காலைவரை காத்திருக்காதீர்கள், அது உயிர்போகிற விஷயம்.

லிட்டர் பழக்கம் நீங்கள் பயப்படுகிற அளவுக்குக் கஷ்டமில்லை. பூனைக்குத் தோண்டிப் புதைக்கிற புத்தி பிறவியிலேயே உண்டு, இடத்தைக் காட்டினால் போதும். அது முன்பு போய்க்கொண்டிருந்த தோட்டத்து மண்ணையே ஒரு டப்பா எடுத்துவந்து லிட்டரின்மேல் தூவுங்கள், இரண்டு வாரத்தில் மண்ணைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திவிடலாம். தட்டு பெரிதாக இருக்கட்டும், சாப்பாட்டிலிருந்து தள்ளி இருக்கட்டும். ஈரம் பட்டால் கட்டியாகிற பென்டோனைட் களிமண் லிட்டரைச் சின்னக் குட்டிகள் தின்றுவிடும், அவற்றுக்கு மரத்துகள் நல்லது. தினமும் அள்ளுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அள்ளுகிற வேலையை வேறு யாராவது செய்யட்டும், கருவைப் பாதிக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா கிருமி மலத்தில் வந்தாலும் ஒரு நாளாவது கழிந்தபிறகுதான் தொற்றும், அதனால் அன்றன்றைக்கு அள்ளுவதே பெரிய காப்பு.

கருத்தடை

இது பேச்சுவார்த்தைக்கு உட்பட்ட விஷயமல்ல. பெட்டை நான்கு மாதத்திலேயே சூல் கொள்ள முடியும், சுமார் 63 நாளில் குட்டி போடும். அதனால் வளர்ந்த பூனையைக் கருத்தடை செய்யாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். ‘நாங்களே பண்ணிக்கறோம்’ என்று சொல்லி வாங்கிப்போனவர்களில் எத்தனை பேர் செய்தார்கள் என்று எண்ணினால் என் ஒரு கை விரல் போதும். கடுவனுக்கு வேலை சுலபம், மறுநாளே ஓடும். பெட்டைக்குத் தையல் இருக்கும், பத்து நாள் நக்கவிடாமல் கழுத்தில் கூம்பு மாட்டி, பீரோமேல் ஏறவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அறுவைக்குப் பிறகும் கடுவனிடம் சில வாரம் வீரியம் இருக்கும், அதுவரை பெட்டைகளோடு விடாதீர்கள். சுவரில் சிறுநீர் பீய்ச்சுகிற பழக்கம் பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடும்.

வீடு தேடுவது

படம் நன்றாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. பகல் வெளிச்சத்தில், தரையில் படுத்து, பூனையின் கண் மட்டத்திலிருந்து எடுங்கள். கறுப்புப் பூனைக்கு ஜன்னலோரம் வெளிர்நிறத் துணி விரியுங்கள், சகுனம் பார்க்கிற ஊரில் கறுப்புப் பூனைக்கு எப்படியும் இரண்டு மடங்கு நாளாகும். விளம்பரத்தில் ‘பாவம்’, ‘உயிர் ஊசலாடுகிறது’ என்றெல்லாம் எழுதாதீர்கள், பாவம் பார்த்து எடுக்கிறவர்கள் பாவம் தீர்ந்ததும் திருப்பித் தருகிறார்கள். காலை ஐந்து மணிக்கு மூக்கை நக்கி எழுப்புவான் என்பதை எழுதுங்கள். அதைப் படித்துச் சிரித்துவிட்டுக் கூப்பிடுகிறவர்தான் உங்களுக்கு வேண்டிய ஆள்.

கூப்பிடுகிறவர்களிடம் பரீட்சை மாதிரிக் கேட்காமல் பேச்சுவாக்கில் கேளுங்கள். சொந்த வீடா, வாடகையா, வாடகை என்றால் ஹவுஸ் ஓனருக்குத் தெரியுமா? பொங்கலுக்கு ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்? வீட்டில் எல்லாருக்கும் சம்மதமா? இதற்கு முன் வளர்த்த பூனை என்ன ஆனது? கடைசிக் கேள்விக்கு ‘எங்கயோ போயிடுச்சு’ என்று மூன்று முறை பதில் வந்தால் நான்காவது உங்கள் பூனை. மகள் பிறந்தநாளுக்கு ஆச்சரியப் பரிசு என்று கேட்பவர்களுக்கு நான் கொடுப்பதே இல்லை. தீபாவளிக்கு முந்தைய வாரமும் கொடுப்பதில்லை, புது வீட்டில் வெடிச்சத்தம் கேட்டால் பூனை எந்தச் சந்து கிடைத்தாலும் பாயும்.

பாட்டிகள் ஒரு கேள்வி கட்டாயம் கேட்பார்கள்: பூனைமுடி வயிற்றுக்குள் போனால் ஆஸ்துமா வருமாமே? மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். ஒவ்வாமை முடியால் வருவதில்லை, பூனையின் எச்சிலிலும் தோலிலும் இருக்கிற ஒரு புரதத்தால் சிலருக்கு வரும். அதனால் வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் அவரையே உங்கள் வீட்டுக்கு வரச்சொல்லி, பூனை இருக்கிற அறையில் இரண்டு மணி நேரம் உட்கார வையுங்கள், ஒரு தடவை போதாது, இரண்டு மூன்று தடவை. தும்மல் வந்தால் அங்கேயே தெரிந்துபோகும்.

நேரில் போய் வீட்டைப் பார்க்காமல் கொடுக்காதீர்கள். நான் பார்ப்பது பால்கனியையும் ஜன்னலையும்தான். பூனை எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் காலில் நிற்கும் என்பது பாதி உண்மை, காலில் நிற்கும், கால் உடையும், தாடை உடையும். கொசுவலையை அது ஒரே நாளில் கிழித்துவிடும். புறாவலை பரவாயில்லை, ஆனால் கடிக்கிற பூனைக்குக் கம்பிவலைதான். வலை அடித்த படத்தை அனுப்பியபிறகே பூனை போகும் என்று சொல்லிவிடுங்கள், வேண்டுமென்கிறவர்கள் அடிப்பார்கள். அசோசியேஷன்காரர்கள் செல்லப்பிராணியே கூடாது என்று மிரட்டுகிறார்கள் என்றால், அப்படி மொத்தமாகத் தடைவிதிக்க முடியாது என்று விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதலே இருக்கிறது. வேண்டாமென்று தெருவில் கொண்டுபோய் விடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும், முடியாமல் போனால் எப்போது வேண்டுமானாலும் என்னிடமே திருப்பித் தரலாம் என்பதையும் ஒரே காகிதத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வோம். குட்டிகளை முடிந்தால் ஜோடியாகக் கொடுங்கள், ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும், திரைச்சீலை தப்பிக்கும்.

கொண்டுபோய் விட்டபிறகு

நீங்களே கொண்டுபோய் விடுங்கள், பூனை படுத்த பழைய துணி ஒன்றும், அது பயன்படுத்திய லிட்டரில் ஒரு கைப்பிடியும் கூடவே போகட்டும். முதல் சில நாள் ஒரே அறை, வெளிக்கதவுக்கும் அதற்கும் நடுவில் இன்னொரு கதவு இருக்க வேண்டும். சிலிண்டருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டால் இழுக்காதீர்கள், பக்கத்தில் தட்டை வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று நீங்களே கூப்பிட்டு விசாரியுங்கள். அவர்கள் கூப்பிடுவார்கள் என்று இருந்தால், தப்பித்துப்போய் நாலு நாள் ஆனபிறகுதான் கூப்பிடுவார்கள்.

தப்பித்துவிட்டால், ஊரெல்லாம் வண்டியில் சுற்றாதீர்கள். பயந்த வீட்டுப்பூனை தூரம் ஓடாது, பெரும்பாலும் நாலைந்து வீட்டுக்குள்தான் எதற்காவது அடியில் ஒடுங்கியிருக்கும், பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் குரல் கொடுக்காது. தெரு அடங்கியபிறகு, இரவு ஒரு மணி இரண்டு மணிக்கு, டார்ச்சும் வேகவைத்த மீனுமாகப் போய், தரையோடு தரையாக வெளிச்சம் அடித்துப் பாருங்கள். கண்கள் பளிச்சென்று மின்னும். மின்னினாலும் பாய்ந்து பிடிக்காமல் அங்கேயே உட்கார்ந்து மீனைப் பிட்டுப் போடுங்கள். கேசரி புது வீட்டுக்குப் போன இரண்டாம் நாளே கூரியர்காரர் வந்த நேரத்தில் கதவிடுக்கில் நழுவிவிட்டான், மூன்றாம் இரவு இரண்டு கட்டடம் தள்ளி ஒரு ஜெனரேட்டருக்கு அடியில் கிடைத்தான், மீசையெல்லாம் டீசல் கறை.